மூன்றாவது வழியும் சில பூட்டுகளும்

1

அவர் நாள்தோறும் மாலையில் ஒரு பூட்டு வாங்குவார்.

இந்த வாக்கியம் இங்கே இருக்க வேண்டியதன்று. இந்த இடத்தில் ஒரு கட்டுரை இருந்திருக்க வேண்டும். எங்கள் பகுதி வணிகர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ‘நலிந்த காலத்தில் சிறுகடைகளைத் தாங்கும் வழிகள்’ என்று இரண்டு பக்கம் எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். “வாத்தியார் எழுதினா நாலு பேர் படிப்பாங்க சார்” என்றார். அந்த நாலு பேரில் தாமும் ஒருவர் என்று அவர் சொல்லவில்லை. நானும் மேசையைத் துடைத்து, தாளை நேராக வைத்துத் தொடங்கினேன். தொடங்கிய அழகை மறைப்பானேன்? இதோ:

வழி ஒன்று: எந்தப் பொருள் தேவையானாலும் முதலில் உங்கள் தெருவில் தேடுங்கள்.

வழி இரண்டு: கடையில் இல்லாததையும் கேளுங்கள். கேட்டால்தான் அடுத்த முறை இருக்கும்.

வழி மூன்று: தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆதரவாக நாள்தோறும் ஏதேனும் ஒன்றை

அங்கே பேனா நின்றது. அப்படித் தேவையில்லாமல் நாள்தோறும் வாங்குகிற ஒருவர் எப்படி இருப்பார் என்று ஒரு கணம் எண்ணிவிட்டேன். எண்ணியதுதான் தவறு. அவர் கையில் ஒரு சிறு பூட்டோடு தாளின் ஓரத்தில் வந்து நின்றுகொண்டார். நான்காவது வழிக்குப் போக விடவில்லை. அதனால் செயலாளர் அவர்களே, இது கட்டுரையன்று; கதை. மலரில் இடமில்லையென்றால் வருந்த மாட்டேன்.

2

முதலில் அவரை ஒரு செல்வந்தராக்கினேன். “கருணையே உருவான அந்தச் செல்வந்தர், வாடிய முகம் ஒன்றைக் கண்டால்—”

(வேண்டாம். கருணையே உருவானவர்களுக்குக் கதையில் வேலையில்லை. அவர்களுக்குச் சிலை வைத்துவிடலாம்.)

அடித்துவிட்டு மறுபடி பார்த்தபோது, அவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநராக இருந்தார். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘கண்டக்டர்’. பெற்றோர் வைத்த பெயர் ஓய்வூதியச் சான்றுக்கு மட்டும் பயன்பட்டது.

வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் மனிதர்களின் தோள்களுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்தே கழித்தவர். காலையில் அழுக்குப்படாத சட்டையோடு ஏறுவார். இரவில் ஊரிலுள்ள எல்லாருடைய வியர்வையோடும் இறங்குவார். அப்போதெல்லாம் அவருடைய ஒரே ஆசை, யாரும் தம்மை இடிக்காமல் ஒரு நாழிகை நிற்க வேண்டும் என்பது. ஆசை நிறைவேறிவிட்டது. மனைவி காலமானார்; மகள் மணமாகித் தொலைவில் குடியேறினாள். இப்போது கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும் நடையில் அவரை இடிக்க யாருமில்லை. ஆனாலும் அந்த நடையில் அவர் இன்னும் பக்கவாட்டில்தான் நடக்கிறார்.

சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு பாத்திரம் வைத்திருந்தார். வெறும் பாத்திரத்தில் விழும் துளிக்கு ஓர் ஓசை, பாதி நிறைந்ததும் ஓர் ஓசை, நிறைந்து வழியும்போது ஓர் ஓசை. கண்ணை மூடிக்கொண்டே எந்த நிறுத்தம் வந்திருக்கிறது என்று சொல்லிவிடக் கூடியவருக்கு, பாத்திரம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்வது பெரிதன்று.

[குறிப்பு: குழாய் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளேயிருக்கும் வாஷர் என்னும் சிறு ரப்பர் வளையம் தேய்ந்துபோவது. அது கடையில் கிடைக்கும் பொருள்களிலேயே மிகச் சிறியது. நாள்தோறும் அந்தக் கடைக்குப் போகிறவர் அதை ஏன் வாங்கவில்லை என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பாத்திரங்கள் ஆசிரியரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை.]

3

கடை, தெரு வளையும் இடத்தில் இருந்தது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில் காத்திருக்க வேண்டும். ஆணி, திருகு, கீல், தாழ்ப்பாள், குழாய்ச் சாமான், பூட்டு எல்லாம் அங்கே கிடைக்கும். இடப்பக்கச் சுவர் முழுவதும் சின்னச் சின்ன மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் உள்ளே இருப்பதன் மாதிரி ஒன்று கம்பியால் கட்டப்பட்டிருக்கும். பொருளின் பெயர் தெரியாதவர்கள் விரலை நீட்டினால் போதும்.

கடையை நடத்தியவர் நடுவயதுப் பெண்மணி. தந்தைக்குப் பின் பொறுப்பேற்றவர். கணவருக்கு வெளியூரில் வேலை. “கடை எதுக்கு உனக்கு, வீட்டோட இரு” என்று சொன்ன உறவினர்களுக்கெல்லாம், கடையைத் திறந்து வைத்திருப்பதையே பதிலாக வைத்திருந்தவர். இனி அவரைக் கடைக்காரம்மா என்றே அழைக்கிறேன்.

பூட்டு விற்பதில் அவருக்கு ஒரு விதி உண்டு. வாங்குபவர் தம் கையால் ஒருமுறை பூட்டித் திறந்து பார்க்காமல் பூட்டு கடையை விட்டுப் போகாது. ‘என் கையில திறக்குறது உங்க கையில முரண்டு பிடிக்கும், அப்புறம் என்னைத் திட்டுவீங்க’ என்பார்.

கண்டக்டர் ஏன் ஆணியோ தாழ்ப்பாளோ வாங்காமல் நாள்தோறும் பூட்டையே வாங்கினார் என்பது இப்போது விளங்கும். ஆணியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் அத்தோடு முடிந்தது. பூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவு நேரம் ஒருவர் எதிரே நின்று அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“வாங்கண்ணே. இன்னைக்கு யாருக்கு?”

“புதுசா ஒரு ஆள் டெப்போல சேந்திருக்கார் தங்கச்சி. டிக்கெட் பெட்டிக்குப் பூட்டு இல்லாம முழிக்கிறார்.”

“இந்தாங்க, திறந்து பாருங்க.”

“திறக்குது.”

“இன்னொரு சாவி?”

“அதையும் பாத்துருவோம். யாருக்கு என்ன அவசரம்?”

படியில் நின்ற பிளம்பருக்கு அவசரம் இருந்தது. “ஏண்ணே, தினமும் ஒண்ணு வாங்குறீங்களே, வீட்டுல பூட்டைத்தான் வேக வச்சுத் திங்கிறீங்களா?”

“நீ வர்றப்பல்லாம் ஒரு கை வாஷர் அள்ளிட்டுப் போறியே, அதை என்ன தாளிச்சா சாப்பிடுற?”

“நான் ஊராரு குழாய்ல மாட்டுறதுக்கு வாங்குறேன். நீங்க என்னைக்கோ ஒரு நாள் மாட்டிக்கிறதுக்கு வாங்குறீங்க, பாத்துக்கிட்டே இருங்க.”

கடைக்காரம்மா சிரித்தார். கண்டக்டரும் சிரித்தார், ஆனால் ஒரு மூச்சு தாமதமாக.

4

இனி அந்த டெப்போப் பொய் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

பெருஞ்சாலையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை ஒன்று திறந்தது. அங்கே ஆணி முதல் ஏணி வரை ஒரே கூரையின் கீழ். குளிரூட்டிய காற்று வேறு. அங்கும் போகச் சோம்பியவர்கள் கைப்பேசியில் வரவழைத்துக்கொண்டார்கள். தெருவளைவுக் கடையின் படி காலியானது. ஒரு மாலை கண்டக்டர் அவ்வழியே நடந்தபோது, கடைக்காரம்மா ஏற்கெனவே துடைத்த இழுப்பறைகளை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். துணியில் அழுக்கே இல்லை.

கண்டக்டர் படியேறினார். என்ன கேட்பதென்று தெரியாமல், கண்ணில் முதலில் பட்ட பூட்டைக் கேட்டார்.

“எதுக்குண்ணே பூட்டு?”

‘உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது’ என்று சொல்ல முடியாது. ‘வீட்டில் பேச ஆளில்லை’ என்று சொல்லவே முடியாது. இரண்டு உண்மைகளுக்கு நடுவே நின்ற மனிதருக்கு ஒரு பொய் கைக்கெட்டியது. பேருந்து குலுங்கும்போது தலைக்கு மேலே தொங்கும் கைப்பிடிபோல அது இருந்தது, பிடித்துக்கொண்டார்.

“டெப்போல கேட்டாங்க. பெட்டிக்கு.”

ஒரு பொய்க்கு ஒன்பது பொய் துணை என்பார்கள். மறுநாள், இன்னொருவருக்கு. அதற்கடுத்த நாள், ஒரு பூட்டு தொலைந்துவிட்டது. பிறகு ஒரு நாள், கடைக்காரம்மாவின் முகம் சற்று வாடியிருக்கக் கண்டு, கேட்காமலே சொன்னார்: “உங்க கடைப் பூட்டுதான் நல்லா இருக்காம். வேற கடைல வாங்கவே மாட்டேங்குறாங்க.”

அந்த முகம் மலர்ந்ததை அவர் வீடுவரை சுமந்துகொண்டு போனார். பூட்டைக் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியில் மற்றப் பூட்டுகளோடு போட்டார். தகரப்பெட்டிக்குப் பூட்டு இல்லை.

(அவரைச் செலுத்தியது இரக்கமா, தனிமையா? இதை முடிவுசெய்யாமல் கதையை மேலே நகர்த்தக் கூடாது என்று ஒரு பொழுது முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். பாலில் தண்ணீர் எவ்வளவு என்று பசுவைக் கேட்டுப் பயனில்லை.)

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஒரு மாலை கடைக்காரம்மா அவருக்குத் தேநீர் வாங்கி வைத்துக் காத்திருந்தார்.

“அண்ணே, ஒரு நல்ல சேதி. பூட்டுக் கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்துட்டேன்.”

“என்ன தங்கச்சி சொல்றே?”

“இந்தச் சில்லறைச் சாமான்ல என்னண்ணே இருக்கு? ஒரு திருகு, ரெண்டு வாஷர், அதுக்கு அரை மணி நேரப் பேச்சு. நாள் தவறாம போறது பூட்டு ஒண்ணுதான். எது விக்குதோ அதைத்தானே விக்கணும்? இந்த இழுப்பறையெல்லாம் எடுத்துட்டு, சுவர் பூரா பூட்டா அடுக்கப் போறேன். நாளான்னைக்கு கார்பெண்டர் வர்றார், சரக்கும் வந்துரும்.”

“இந்தச் சுவரையா எடுக்கப் போறே?”

“ஆமா. கம்பெனி ஆள் நம்பல. இம்புட்டுச் சின்னக் கடைல வாங்க ஆள் இருக்கான்னு கேட்டார். எங்க அண்ணன் ஒருத்தர் இருக்கார், டெப்போவே அவர் கையிலன்னு சொன்னேன்.” அவர் கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தார். “சரிதானேண்ணே?”

எங்க அண்ணன். கண்டக்டர் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். வாய் வெந்தது. அதனால் பேச வேண்டியிருக்கவில்லை.

5

இந்த இடத்தில் ஒரு நீதிக்கதை சொல்லும் வழக்கம் எனக்குண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காட்டில் தூக்கணாங்குருவி ஒன்று மற்றப் பறவைகளுக்குக் கூடு பின்னிக் கொடுத்து வாழ்ந்தது. காலம் கெட்டது; யாரும் கூடு கேட்டு வரவில்லை. மரப்பொந்தில் வாழும் ஆந்தைக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. தனக்குக் கூடு வேண்டாதபோதும், நாளுக்கொன்று வாங்கிப் பொந்துக்குள் திணித்தது. ‘என் உறவினர் கேட்கிறார்கள்’ என்றது. குருவி யோசித்தது: காடெங்கும் ஆந்தைகள் பெருகிவிட்டன போலும். அன்றுமுதல் எல்லாக் கூட்டுக்கும் ஆந்தை நுழையும் அளவுக்கு அகலமாக வாசல் வைத்தது. அந்தப் பருவத்தில் சிட்டுகளும் தினைக்குருவிகளும் கூடு கேட்டு வந்தன. வாசலைப் பார்த்தன, குஞ்சு விழுந்துவிடும் என்று திரும்பிப் போயின.

நீதி: பசியில்லாதவன் விருந்து சமைப்பவனைக் கெடுப்பான்.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதைப் படித்துப் பார்த்தபோது எனக்கு நிறைவில்லை. என் ஆந்தைக்கு இரக்கம் இருக்கிறது. இரவில் பொந்துக்குள் எப்படி இருந்தது என்பது கதையில் இல்லை. நீதிக்கதை விலங்குகளுக்குத் தந்திரம் உண்டு, பேராசை உண்டு, நன்றிகூட உண்டு. வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியபின் வரும் அந்த ஓசையின்மை அவற்றுக்குக் கிடையாது. ஆகவே ஆந்தையை அனுப்பிவிட்டுக் கண்டக்டரிடமே திரும்புகிறேன்.

6

மறுநாள் அவர் செய்தது என்னையே வியப்பில் ஆழ்த்தியது. பொய்யை ஒப்புக்கொள்வதைவிட அதை உண்மையாக்கிவிடுவது எளிது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தேய்த்த சட்டை அணிந்து, பேருந்தேறி, டெப்போவுக்குப் போனார்.

வாயிற்காவலர் புதியவர். “யாரைப் பாக்கணும்?”

கண்டக்டர் சில பெயர்களைச் சொன்னார். ஒருவர் ஓய்வுபெற்றுவிட்டார், ஒருவர் மாற்றலாகிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார். “உள்ள போய்ப் பாருங்க, யாராவது இருப்பாங்க” என்றார் காவலர், இரக்கத்தோடு.

நிழலில் ஓர் இளம் நடத்துநர் வெறும் வயிற்றில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். கழுத்தில் கறுப்பாக ஒரு சிறு கருவி தொங்கியது.

“தம்பி, உங்க டிக்கெட் பெட்டிக்கெல்லாம் பூட்டு வேணுமா?”

“பெட்டியா?”

“டிக்கெட் கட்டு வச்சுப் பூட்டுற பெட்டி.”

“அதெல்லாம் எப்பவோ போயிருச்சுங்களே. இப்ப இந்த மெஷின்தான். அமுக்குனா டிக்கெட் வரும்.” அமுக்கியும் காட்டினார், ஒரு தாள் நாக்கை நீட்டியது. “இதைப் பூட்ட முடியாது.”

“துணி மாத்துற அலமாரிக்கு?”

“அது நம்பர் பூட்டு.” இளைஞர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க இங்க வேலை பாத்தீங்களா ஐயா?”

“இல்ல” என்றார் கண்டக்டர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. தம்முடைய பெட்டி அடுக்கப்பட்டிருந்த இடத்தில் குடிநீர்க் கலம் ஒன்று இருந்தது.

திரும்பும் பேருந்தில் இருக்கைகள் காலி. அவர் நின்றுகொண்டே வந்தார்.

அன்று மாலை அவர் கடைக்குப் போகவில்லை. மகள் தொலைபேசியில் அழைத்தாள்.

“சாப்பிட்டீங்களாப்பா?”

“ஆச்சு.”

“என்னப்பா அது பின்னாடி, டொக்கு டொக்குன்னு?”

“குழாய்.”

“ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ண வேண்டியதுதானே? எத்தனை தடவை சொல்றது?”

“பண்ணிருவோம்மா.”

“வேற?”

வேறு என்ன என்று அவர் யோசிப்பதற்குள், அங்கே குழந்தை அழுதது. அழைப்பு முடிந்தது. துளி விழுந்தது. பாத்திரம் முக்கால்.

7

முடிவு, முதல் வரைவு: டெப்போ மேலாளர் செய்தியறிந்து நெகிழ்ந்து, அனைவருக்கும் பூட்டு வாங்க ஆணையிடுகிறார். கடைக்காரம்மாவின் கண்கள்—

(இதை முழுவதும் எழுதினேன். எல்லாரும் எல்லாரோடும் கைகுலுக்கினார்கள். மறுநாள் காலை படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது.)

முடிவு, இரண்டாம் வரைவு: கண்டக்டர் அன்றுமுதல் வேறு தெரு வழியாக நடக்கத் தொடங்கினார். சில மாதங்களில் அந்தக் கடை

(இதை என்னால் எழுத முடிந்தது. அதனாலேயே நிறுத்தினேன். நாம் எல்லாரும் ஏதோ ஒரு கடைக்கு இந்த முடிவை எழுதியவர்கள்தாம். சுற்றுவழி என்பது அவ்வளவு வசதியானது. ஆனால் ‘எங்க அண்ணன்’ என்ற சொல்லைக் கேட்டபின் அவரால் சுற்றுவழியில் நடக்க முடியவில்லை. நான் இழுத்தும் வரவில்லை.)

அவர் நேர்வழியில்தான் போனார். ஆனால் காலந்தாழ்த்திப் போனார். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று வீட்டில் ஒத்திகை பார்த்ததில் பொழுது ஏறிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்தபோது இழுப்பறைகளில் பாதி கழற்றப்பட்டு நடைபாதையில் கிடந்தன. கார்பெண்டருக்கு வேறிடத்தில் வேலை இருந்தது. அந்த அவசரத்தில் கழற்றிய ஒவ்வோர் இழுப்பறையையும் தலைகீழாகக் கவிழ்த்து, திருகு, வாஷர், ஆணி, கொக்கி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டியிருந்தார். மறுபக்கம் பூட்டு அட்டைப்பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

“எங்கண்ணே போனீங்க நேத்து? ஒடம்பு சரியில்லையா?”

“தங்கச்சி, அவரை நிறுத்தச் சொல்லு.”

“ஏன், என்ன ஆச்சு?”

“டெப்போல யாரும் பூட்டுக் கேக்கல.”

“இன்னைக்குக் கேக்கலைன்னா நாளைக்குக் கேப்பாங்க.”

“என்னைக்குமே கேக்கல. அங்க இப்ப பெட்டியே கிடையாது. வாங்குனதெல்லாம் என் வீட்டுல இருக்கு.”

கார்பெண்டரின் சுத்தியல் நின்றது.

“எல்லாமா?”

“எல்லாம். சாவியோட.”

கடைக்காரம்மா முதலில் சிரிக்கப் பார்த்தார். விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு கண்டக்டரின் முகத்தைப் பார்த்தார்.

“ஏண்ணே?”

“கடை ஓடணும்னுதான்.”

“ஓட வச்சுட்டீங்க. எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க.” அட்டைப்பெட்டிகளைக் காட்டினார். “இதைக் கம்பெனி திருப்பி எடுக்காது. சரி, அது போகட்டும். பூட்டு நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கன்னீங்களே. அதாச்சும் நெசமா?”

ஒத்திகையில் இந்தக் கேள்வி இல்லை. “எனக்குத் தெரியாது தங்கச்சி. நான் ஒண்ணையும் எதுலயும் போட்டுப் பாக்கல.”

இதுதான் கடைக்காரம்மாவை அதிகம் சுட்டது. குரல் உயரவில்லை, தாழ்ந்தது.

“எங்க வீட்டுக்காரர் போன் பண்ணும்போதெல்லாம் சொல்லுவேன். நம்ம கடைப் பூட்டு டெப்போ பூரா தொங்குதுன்னு. என்மேல பாவம் பாருங்கன்னு நான் உங்ககிட்ட கேட்டேனா?”

“இல்ல.”

“விலை ஜாஸ்தி, சாமான் பழசு, காலைல நேரமே திறக்க மாட்டேங்குறேன்னு ஒரு குறை சொல்லியிருந்தா நான் திருத்தியிருப்பேனே! நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொல்லியே கவுத்துட்டீங்க.”

“தங்கச்சி—”

“இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க.”

கண்டக்டர் படியிறங்கினார். கீழே ஒரு வாஷர் கிடந்தது. குனிந்து எடுத்து, சாக்கின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

8

செயலாளர் அவர்கள் நேற்று வந்திருந்தார். “கட்டுரை என்ன ஆச்சு சார்? வழி எத்தனை தேறுச்சு?” இரண்டு தேறின என்றேன். “பத்து இருந்தா நல்லா இருக்கும்” என்றார். அந்தக் கடைக்காரம்மா கொதித்துச் சொன்னவற்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘குறை இருந்தால் கடையிலேயே சொல்லுங்கள், பொய்ப் பாராட்டு வேண்டாம்’ என்பதை மூன்றாவதாக எழுதிக்கொண்டார். “கொஞ்சம் கசப்பா இருக்கே சார்” என்றார். கசப்பாகத்தான் இருக்கிறது. பிறகு, “அந்தக் கண்டக்டர் என்ன ஆனார்?” என்று கேட்டார். கட்டுரையைக் கேட்கும்போது இல்லாத ஆவல் குரலில் இருந்தது. அவருக்காகவும் உங்களுக்காகவும் எஞ்சியதை எழுதுகிறேன்.

அப்படிப் படியிறங்கிய மறுநாள் காலை கடை திறக்குமுன் கண்டக்டர் வந்து நின்றார். கதவு திறந்தது. அவரைப் பார்த்தும் பாராததுபோல் கடைக்காரம்மா உள்ளே போய்விட்டார். கார்பெண்டர் வேலை பாதியில் நின்றதால், பாதிச் சுவரில் இழுப்பறைகளும் பாதிச் சுவரில் அவற்றின் தழும்புகளுமாக இருந்தன.

கண்டக்டர் யாரையும் கேட்கவில்லை. சாக்கின் அருகே படியில் உட்கார்ந்தார். ஒரு கை அள்ளி, மடியில் விரித்த துண்டில் கொட்டினார். நீளத் திருகு ஒரு பக்கம், குட்டைத் திருகு ஒரு பக்கம், வாஷர் ஒரு பக்கம். பிரித்ததை, நெற்றியில் மாதிரி பார்த்து, கழற்றிக் கிடந்த இழுப்பறைகளில் உரியதில் போட்டார். அடுத்த கை அள்ளினார்.

இருட்டிலும் நெரிசலிலும் சில்லறையைத் தடவியே இனம்பிரித்த விரல்கள் அவை. ஆனால் சாக்கு பெரிது. அன்று மாலை அதன் வாய் சற்றுத் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். கடைக்காரம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. தேநீர் வரவில்லை. முன்பு ஒரு பூட்டின் இரண்டு சாவி அளவுக்குத்தான் அவருக்குப் பேச்சுத்துணை. இப்போது நாள் முழுவதும் அதே கடையில் உட்கார்ந்திருந்தும் அதுகூட இல்லை. ஆளில்லாத வீட்டின் அமைதி அவருக்குப் பழகியிருந்தது. ஆள் இருக்கும் இடத்து அமைதி வேறாக இருந்தது.

பிளம்பர்தான் அதை முதலில் கலைத்தார். “என்னண்ணே, நான் சொன்னது பலிச்சிருச்சு போல?”

“பலிச்சிருச்சு.”

“சின்ன வாஷர் இருக்கா? அந்தப் பெரிய கடைல பத்து சேந்த பாக்கெட்டாத்தான் வாங்கணுமாம். எனக்கு வேண்டியது மூணு.”

கண்டக்டர் துண்டிலிருந்து மூன்றைப் பொறுக்கினார். தாமே கொடுக்காமல் கல்லாவின் மேல் வைத்தார். கடைக்காரம்மா விலை சொன்னார். பிளம்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் போனார். போனவர், தெருவில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் ‘அங்க சில்லறையாவும் கிடைக்குது’ என்று சொல்லியிருக்க வேண்டும். மாலைக்குள் ஒருவர் உடைந்த கீலோடு வந்தார். இன்னொருவர் ஒரே ஒரு திருகுக்காக வந்தார். அட்டைப்பெட்டிகள் அசையாமல் நின்றன.

(இதை வைத்துக் கடை பிழைத்துவிட்டது என்று எழுத என் பேனா துடிக்கிறது. ஒரு திருகாலும் ஒரு கீலாலும் எந்தக் கடையும் பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சாக்கு முதலில் தீருமா, கடை முதலில் தீருமா என்பது எனக்குத் தெரியாது. அது உங்கள் தெருவில் இருப்பவர்களைப் பொறுத்தது. உங்கள் வீட்டுக் கதவின் கீலையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.)

பொழுது சாய்ந்தபோது, கண்டக்டர் தம் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார்: தேய்ந்து, ஒரு பக்கம் கிழிந்த பழைய வாஷர். அன்று காலை குழாயைத் தாமே கழற்றி எடுத்தது. குவியலில் அதே அளவில் ஒன்றைத் தேடி, இரண்டையும் கல்லாவின் மேல் வைத்தார்.

“இது ஒண்ணு எனக்கு வேணும்.”

கடைக்காரம்மா நிமிரவில்லை. “யாருக்கு?”

“எனக்குத்தான். எங்க வீட்டுக் குழாய் ஒழுகுது.”

“எப்ப இருந்து?”

“ரொம்ப நாளா.”

இப்போது நிமிர்ந்தார். “தினமும் கடைக்கு வந்தீங்களே. அப்பவேவா?”

“அப்பவே.”

“அப்ப ஏன் வாங்கல?”

கண்டக்டர் பழைய வாஷரை விரலால் நகர்த்தினார். “ராத்திரில அந்தச் சத்தம் ஒண்ணுதான் வீட்டுல…” முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

கடைக்காரம்மா புதிய வாஷரை எடுத்து, பழையதன் மேல் பொருத்திப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. தம் விதிப்படி அவர் பக்கம் நகர்த்தினார்.

“உங்க கையால ஒரு தடவை வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

“காசு?”

“குடுங்க. இது யாவாரம்.”

கொடுத்தார். வாங்கிக் கல்லாவில் போட்டார். அவர் படியை நோக்கித் திரும்பியபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

“நாளைக்கு நேரமே திறப்பேன். ஆணி எல்லாம் அப்படியே பாக்கி இருக்கு.”

அந்த வாக்கியத்தின் இறுதியில் ‘அண்ணே’ என்று ஒரு சொல் இருந்ததா? செயலாளர் கேட்டார், நீங்களும் கேட்பீர்கள். அந்தத் தெருவில் அப்போது ஒரு பேருந்து திரும்பியது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டிருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன்.

கண்டக்டருக்குக் கேட்டதா என்பதும் தெரியவில்லை. வெளிச்சம் இன்னும் சிறிது இருந்தது. அவர் வீட்டுக்குப் போகாமல் மறுபடி படியில் உட்கார்ந்து, துண்டை விரித்து, சாக்கிலிருந்து அடுத்த கையை அள்ளினார்.